தோலில் இடம் போதவில்லை

கன்றுத்தோல் ஒன்றுதான் கொடுத்தார்கள்.
நடுவில் ஓர் ஓட்டை,
கன்று உயிரோடிருந்தபோது ஈ கடித்த வடு.
அதைச் சுற்றி எழுதப் பழகியவன் நான்,
ஹுன்லாஃப், மெர்சியாவின் எழுத்தன்.
குளிரில் மை உறையுமென்று
கொம்புக் குப்பியை அக்குளில் இடுக்கி
மன்னருக்குப் பின்னால் குந்தியிருந்தேன்.

தவக்காலத்துக்கு முந்தைய வாரம்.
கூடாரம் முழுக்க ஈரக் கம்பளி நாற்றம்.
ஆயர் இருவர், அதில் ஒருவர் உறக்கத்தில்.
பிரபுக்கள் பதினொருவர்.
அவர்கள் காலடியில் நாய்கள்,
நாய்களின் காலடியில் விலாங்கு முள்.

மடத்துக்கு மன்னர் தரும் காடு
எங்கே தொடங்குகிறது என்று கேட்டேன்.
எல்லை எழுத வேண்டுமே.
"காக்கை முள்மரத்திலிருந்து" என்றார் ஒருவர்.
அது எந்தக் கரையில்?
ஒருவர் மோதிரத்தைத் திருகினார்.
மன்னர் இருமினார்.
எல்லோரும் இருமினார்கள்.

இந்த அவைக்கு எங்கள் மொழியில் பெயர் இருக்கிறது.
விட்டா என்றால் அறிந்தவன்.
விட்டென, அறிந்தவர்களின்.
யெமோட் என்றால் கூடல்,
கத்தியோடு கூடினாலும் அதே சொல்தான்.

கடைசியில்
பன்றி மேய்க்கும் லியோவ்ரூனை இழுத்து வந்தார்கள்.
விரலெல்லாம் ஓக் கொட்டைக் கறை.
யாரையும் பார்க்கவில்லை.
கண்ணை மூடிக்கொண்டு
நின்ற இடத்திலேயே நடக்கத் தொடங்கினாள்:
"முள்மரம் வடகரையில்.
பெருவெள்ளத்தில் சாய்ந்துவிட்டது, தூர் இருக்கிறது.
தூரிலிருந்து நரிப்பொந்து.
பொந்திலிருந்து ஓடையை ஒட்டிப் போய்
செம்மண் சரியும் இடத்தில் நில்லுங்கள்.
எதிரே பழஞ்சாமிகளின் மேடு.
அங்கேதான் என் கறுப்பி ஏழு குட்டி போட்டாள்."

ஏழையும் எழுதவா என்றேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
உனக்கு எப்படித் தெரியும் என்றது அவை.
"வாட்" என்றாள்.
தெரியும். அவ்வளவுதான்.

இலத்தீனில் உதை வாங்கிய காதுக்கு
அந்தச் சொல் உறுத்தியது.
நிகழ்காலத்தின் சட்டையை மாட்டிக்கொண்ட
இறந்தகாலம் அது.
என்றைக்கோ ஒருநாள்
அதற்குக் 'கண்டேன்' என்றுதான் பொருள் இருந்திருக்கும்.
கண்டது ஆறிப்போய்
அறிந்தது ஆகியிருக்கும்.

அவள் சொன்ன எல்லைக்குள்
அவளுடைய மேய்ச்சலும் விழுந்தது.
சொல்லும்போதே அது அவளுக்குத் தெரியும்.
நரிப்பொந்தை நாலு முழம் தள்ளிச் சொல்லியிருந்தால்
தள்ளியது யாருக்குத் தெரிந்திருக்கும்?
இனி அவள் பன்றி அங்கே மூக்கை நுழைத்தால்
தண்டம் கட்ட வேண்டும்.
தண்டத்துக்கு எங்கள் சொல் வீட்டெ.
தோலில் எழுதிப் பார்த்தால்
அறிந்தவனுக்கும் தண்டத்துக்கும்
கடைசி ஓரெழுத்துதான் வேறு.

பிறகு சாட்சிப் பட்டியல்.
சான்றோர் வரிசையில் வந்து
தங்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.
ஒவ்வொன்றின் முன்னும் நானே சிலுவை போட்டேன்,
உறங்கிய ஆயருக்கும் ஒன்று.
சான்று சொன்னவளோ
கூடார வாசலில்
செருப்புச் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அவையின் பெயரை எழுத
ஓரத்தில் இரண்டு விரற்கடைதான் மிச்சம்.
இரண்டு சொல், நடுவில் இடைவெளி விட வேண்டும்.
தோலில் இடம் போதவில்லை.
சேர்த்தே எழுதினேன், விட்டெனயெமோட்.
அறிந்தவர்களும் கூட்டமும்
மை காயுமுன் ஒட்டிக்கொண்டன.

உலரட்டும் என்று தோலைத் தூக்கிப் பிடித்தேன்.
ஓட்டைக்குள் ஒரு துண்டு வெளிச்சம்.
அதில் லியோவ்ரூன் போய்க்கொண்டிருந்தாள்,
வடகரைப் பக்கம்,
விரல் மடக்கி
எதையோ எண்ணிக்கொண்டே.